கறுப்பு மாஸ்க் போடலாமா? ஆக்டிவேட்டட் சார்க்கோல் முகப்பூச்சுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன அழகு நிலையம் நடத்துகிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. தீபாவளி நெருங்கினாலும், யார் வீட்டிலாவது கல்யாணம் என்றாலும், படியேறி வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, அந்தக் கறுப்பு மாஸ்க் போட்டா மூக்குல இருக்கிற புள்ளியெல்லாம் போயிடுமா?"

கொஞ்சம் போகும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, எத்தனை நாள் நிற்கும், எப்படிப் போட்டால் முகம் கெடாமல் இருக்கும் என்பதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அக்கா மகள் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இணையத்தில் ஒரு உரித்தெடுக்கும் கறுப்பு மாஸ்க் வாங்கி, முகம் முழுக்கப் பூசி, காய்ந்ததும் இழுத்து எடுத்தாள். மேலுதட்டுக்கு மேலும் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து எரிந்தது. எரிச்சல் மூன்று நாளில் அடங்கிவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் காப்பிக் கறை மாதிரி ஒரு பழுப்புத் திட்டு வந்து, ஐந்து மாதம் அப்படியே இருந்தது. அந்த மாஸ்க் எடுத்த எண்ணெய்ப் பசை அன்று மாலையே திரும்பி வந்திருக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கறுத்த தோலும் உரசலை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. கீழே நான் சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில், கரி என்ன செய்கிறது

நம் ஊரில் கரி என்றால் எல்லோருக்கும் கோல சப்பெத்தாங் ஞாபகம் வரும். தைப்பிங் பக்கத்தில், மாத்தாங் அலையாத்திக் காட்டில் முப்பது வருடம் வளர்ந்த பாக்காவ் மரத்தை வெட்டி, குவிமாடம் போன்ற செங்கல் சூளைக்குள் அடுக்கி, காற்றுப் புகாமல் வாரக்கணக்கில் வேகவைத்து எடுக்கிற கரி. சாத்தே என்ற குச்சி இறைச்சி சுடுவதற்கு அருமையான கரி. ஆனால் முகத்துக்கு அது ஆகாது. மாஸ்க்கில் சேர்ப்பது அதே கரியின் அடுத்த கட்டம்.

தேங்காய்ச் சிரட்டை, மூங்கில், மரத்தூள் போன்றவற்றைக் கரியாக்கி, அந்தக் கரியை மறுபடியும் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவியில் வாட்டுகிறார்கள். சில ஆலைகளில் ரசாயனம் சேர்த்தும் செய்வார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் திறந்துகொள்ளும். இதைத்தான் ஆக்டிவேட்டட் சார்க்கோல் என்கிறோம். மலாய் லேபிளில் 'அராங் ஆக்திஃப்' என்று இருக்கும். இதில் ஒரு கிராமை எடுத்து, உள்ளே இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். பேட்மிண்டன் மைதானம் ஒன்று 82 சதுர மீட்டர்தான். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் பன்னிரண்டு மைதானம் மடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பெரிய பரப்பில் எண்ணெய்ப் பசை, சாயம், நாற்றம் தரும் பொருள்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. இதைப் பரப்புக் கவர்தல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மருத்துவமனையில் விஷம் குடித்தவர்களுக்குக் கரி கொடுப்பதும் இதே குணத்தை நம்பித்தான். 1831-இல் தூவெரி என்ற பிரெஞ்சு மருந்தாளர் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷத்தைக் கரியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மருத்துவக் கழகத்தினர் கண்முன்னே உயிரோடு நின்று காட்டினார். தயவுசெய்து யாரும் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவசரப் பிரிவில் ஒரு பெரியவருக்குக் கொடுப்பது சுமார் 50 கிராம், அதுவும் வயிற்றுக்குள். முகத்தில் நாம் பூசுவது கால் டீஸ்பூன்கூட வராது. அடுத்தது, கரி எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. இரும்பு, லித்தியம், சாராயம் போன்றவற்றை அது சரியாகப் பிடிக்காது என்று மருத்துவர்களே அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அதனால் 'தோலில் உள்ள நச்சையும் கன உலோகத்தையும் இழுத்து வெளியே போடும்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். உடம்பிலிருந்து நச்சை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

சமையலறையில் ஒரு சோதனை

இதை நானே செய்து பார்த்தபிறகுதான் என் கடையில் எந்த மாதிரி மாஸ்க் வைப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் எடுத்து, ரோஸ் சிரப் சில துளிகள் மட்டும் விட்டேன். இளஞ்சிவப்பாக, பண்டோங் என்ற ரோஸ் பாலை விடவும் வெளிர் நிறமாக இருந்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் வாங்குவோமே, அந்தக் கறுப்பு மாத்திரை ஐந்தைப் பொடித்து முதல் கிளாஸில் நேராகப் போட்டுக் கலக்கினேன். இன்னும் ஐந்தைப் பொடித்து, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நன்றாகக் குழைத்து இரண்டாவது கிளாஸில் போட்டேன். இரண்டையும் இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டேன்.

காலையில் முதல் கிளாஸில் கரி அடியில் படிந்திருந்தது. மேலே இருந்த தண்ணீரில் சிவப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டாவதில் கறுப்புக் கட்டிகள் எண்ணெயோடு மேலே மிதந்தன. தண்ணீர் அதே இளஞ்சிவப்பு. கரியின் துளைகளை எண்ணெய் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் அப்புறம் அது வேறு எதைப் பிடிக்கும்?

கனத்த கிரீமிலோ எண்ணெயிலோ குழைத்து டியூபில் மாதக்கணக்காக இருக்கும் கரிக்கும் இதுதான் நடக்கிறது. முகத்தைத் தொடும் முன்பே அதன் பிடிக்கும் சக்தியில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதனால் தண்ணீரும் களிமண்ணும் அடிப்படையாக உள்ள மாஸ்க்கை, அல்லது போடும் நேரத்தில் தண்ணீர் விட்டுக் குழைக்கும் தூளைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

உண்மையில் என்ன பலன் எதிர்பார்க்கலாம்

தோலில் கரி மட்டும் தனியாக என்ன செய்கிறது என்று உறுதியாகக் காட்டும் பெரிய மருத்துவ ஆய்வுகள் கிடையாது. கடையில் விற்கும் நல்ல மாஸ்க் வேலை செய்கிறது என்றால், பெரும்பாலும் அதில் கரியோடு சேர்ந்திருக்கும் கயோலின், பெண்ட்டோனைட் போன்ற களிமண்ணும், சாலிசிலிக் அமிலமும் செய்கிற வேலை அது. கரி கூடத் துணைக்கு நிற்கிறது.

போட்டு எடுத்தவுடன் நெற்றி, மூக்கு, தாடையில் மினுமினுப்புக் குறைந்திருக்கும். தொட்டால் தோல் வழுவழுவென்று இருக்கும். மூக்கின் துளைகளில் மேலே நிற்கும் பசை போய்விடுவதால் துளைகள் சிறுத்த மாதிரி தெரியும். உண்மையில் அவை சிறுப்பதில்லை, நிழல் குறைவதால் அப்படித் தோன்றுகிறது. ஹெல்மெட் போட்டு நாள் முழுக்க மோட்டார் ஓட்டுகிறவர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நிற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்வார்கள். என்னிடம் வரும் சமையல்காரத் தம்பி ஒருவர், மாஸ்க் போட்ட மறுநாள் முகத்தில் வேர்வை வழுக்காமல் நிற்பதாகச் சொல்வார்.

அந்த மினுமினுப்பு திரும்பி வர அதிக நேரம் ஆகாது. தோலடியில் இருக்கும் சுரப்பி எவ்வளவு எண்ணெய் சுரக்க வேண்டும் என்பதை ஹார்மோன் தீர்மானிக்கிறது. மேலே பூசுகிற கரிக்கு அங்கே வேலை இல்லை.

கரும்புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். மூக்கில் வரிசையாக, ஒரே அளவில், சாம்பல் நிறத்தில் தெரியும் புள்ளிகளை எல்லோரும் கரும்புள்ளி என்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கரும்புள்ளி அல்ல. ஒவ்வொரு மயிர்க்காலிலும் எண்ணெய் மேலே ஏறி வருவதற்கு இருக்கும் இயல்பான பசைத்திரி அது. பிதுக்கினால் மெல்லிய வெள்ளை நூல் மாதிரி வரும். சில வாரத்தில் மறுபடியும் நிரம்பிவிடும். அது இருப்பதுதான் ஆரோக்கியம். உண்மையான கரும்புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், தடித்திருக்கும், தலை நன்றாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு அழுக்கும் அல்ல. அடைத்திருக்கும் எண்ணெயும் நிறமியும் காற்றுப்பட்டுக் கறுத்த நிறம் அது. இதற்குக் கரியை விடச் சாலிசிலிக் அமிலம் நல்ல மருந்து. அது எண்ணெயில் கரையும், துளைக்குள் இறங்கும். கரித்துகள் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

புகைமூட்டம் வரும் மாதங்களில், 2015-லும் 2019-லும் கோலாலம்பூரில் நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது, 'புகையைத் தோலிலிருந்து இழுக்கும்' என்று கரி மாஸ்க் நிறைய விற்கும். வெளியே போய் வந்த இரவு மென்மையான ஃபேஸ் வாஷால் ஒரு நிமிடம் நிதானமாகக் கழுவினாலே படிந்த துகள் போய்விடும். அதற்கென்று தனியாக மாஸ்க் வாங்க வேண்டாம்.

யார் போடலாம், யார் வேண்டாம்

எண்ணெய்ப் பசைத் தோல், நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கும் கலப்புத் தோல், இந்த இரண்டுக்கும் சரி. வறண்ட தோலுக்குத் தேவையே இல்லை. ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்காரும் பலருக்கு முகத்தில் மேலே எண்ணெயும் அடியில் வறட்சியும் சேர்ந்தே இருக்கும். அவர்கள் மூக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எக்சிமா, சொரியாசிஸ், முகம் சிவந்தே இருக்கும் ரொசேஷியா போன்ற தோல் நோய் உள்ளவர்கள் வேண்டாம். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாக வேண்டாம். அந்தச் சமயத்தில் தோல் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். ட்ரெட்டினோயின், அடாபலீன் போன்ற பரு கிரீம் பூசுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, குறைந்தது அந்த இரவு மட்டும் கிரீமை விட்டுவிட்டுப் போடலாம். திரெட்டிங், வேக்ஸிங் செய்து இரண்டு நாள் ஆகவில்லை என்றால், வெயிலில் கருகிய முகம் என்றால், உடைந்த பரு இருந்தால், பொறுங்கள்.

நெற்றியிலும் மயிர் ஓரத்திலும் ஒரே அளவில் குட்டிக் குட்டியாக அரிக்கும் பொரி இருந்தால், அது பரு இல்லாமல் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது சகஜம். கரி அதை ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்து வேறு.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

பொருள் கறுப்பாக இருப்பதாலேயே அதில் ஆக்டிவேட்டட் சார்க்கோல் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சி.ஐ 77499 என்ற நிறக் குறியீட்டு எண் இருந்தால் அது கறுப்பு இரும்பு ஆக்சைடு. சி.ஐ 77266 என்றால் கார்பன் பிளாக் என்ற நிறச்சாயம். இரண்டும் நிறத்துக்காகச் சேர்ப்பவை. 'சார்க்கோல் பவுடர்' என்ற பெயர் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதிகமாக உள்ளது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். வாசனைப் பொருளுக்கும் பின்னால், கடைசி வரியில் சார்க்கோல் ஒளிந்திருந்தால் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

மேல் வரிசையில் தண்ணீர், கயோலின், பெண்ட்டோனைட், கிளிசரின் இருந்தால் நல்லது. 'ஆல்கஹால் டீநாட்' என்ற தோலை உலர்த்தும் ஆல்கஹால், மென்தால், கற்பூர எண்ணெய், கனமான வாசனை இருந்தால் கீழே வையுங்கள். ஜிலுஜிலு என்று இருப்பது சுத்தமாவதற்கு அடையாளம் அல்ல, தோல் எரிச்சலுக்கு முதல் படி.

பட்டியலில் பாலிவினைல் ஆல்கஹால் முன்னால் இருந்தால் அது உரித்தெடுக்கும் வகை. காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகும் பொருள் அது. அந்தப் படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் ஒட்டி நிற்பது பெரும்பாலும் பூனைமுடி, மேல்தோலின் செதில், பசைத்திரியின் நுனி. கரும்புள்ளி வேரோடு வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வாரமும் இழுக்கிறார்கள். நான் என் கடையில் இதை வைப்பதில்லை, கேட்டாலும் போட மாட்டேன். 2017 வாக்கில் சூப்பர் குளூவைக் கரித்தூளோடு கலந்து முகத்தில் பூசும் வீடியோக்கள் சுற்றின. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அப்புறம், பதிவு. மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றையும் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என்.பி.ஆர்.ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அப்போது கிடைக்கும் பதிவு எண் 'நாட்' என்று படிக்கும் மூன்று எழுத்தில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, 'கே' என்ற எழுத்தில் முடியும். அவர்கள் இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டும் தேடலாம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் லேபிளே இல்லாமல் டப்பாவில் விற்பதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுயினோன் கலந்திருந்ததால் பதிவு ரத்தான முகக் கிரீம்களின் பட்டியலை அந்த நிறுவனமே அவ்வப்போது வெளியிடுகிறது. பதிவு எண் இருந்தால் சொன்ன பலன் எல்லாம் உண்மை என்று ஆகிவிடாது. யார் விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டிலேயே கலக்க

ஒரு மேசைக்கரண்டி வெள்ளை கயோலின் களிமண், கால் டீஸ்பூன் அழகுப்பொருள் தர ஆக்டிவேட்டட் சார்க்கோல் தூள், அரை டீஸ்பூன் கிளிசரின், கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மூன்று டீஸ்பூன். தயிர் பதத்துக்கு வர வேண்டும். கயோலின் கிடைக்காவிட்டால் லெபோ அம்பாங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இந்தியப் பொருள் கடைகளில் முல்தானி மிட்டி கேளுங்கள். அது இன்னும் கூடுதலாக எண்ணெயை எடுக்கும், அதனால் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தூளைப் பாத்திரத்தில் போட்டபின் மின்விசிறியை நிறுத்துங்கள், வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். மிக மெல்லிய தூள், மூச்சோடு உள்ளே போகக் கூடாது. முதலில் சில துளி தண்ணீர் தெளித்துக் கரியை நனைத்துவிட்டால் பறக்காது.

எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதன் அமிலம் தோலை அரிக்கும், அதைப் பூசிய முகத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கறையும் வரும். பேக்கிங் சோடா வேண்டாம். தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, சோடா காரம். பற்பசை, வெள்ளைப் பசை, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு, எதுவும் வேண்டாம். அடுப்புக் கரியையோ, சாத்தே கரியையோ, விளக்குக் கரியையோ அரைத்துச் சேர்ப்பது எல்லாவற்றையும் விட மோசம். எரிந்த புகையின் கெட்ட சேர்மங்கள் அவற்றில் ஒட்டியிருக்கும்.

கலந்ததை அன்றே முடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை, தண்ணீர் இருக்கிறது, நம் ஊர் வெப்பம் வேறு. குளிர்பெட்டியில் வைத்தாலும் நான் நம்ப மாட்டேன். கிண்ணத்தைச் சலவைத் தொட்டியில் கழுவுங்கள். களிமண் குழாய்க்குள் போய்ப் படியும், அதனால் முதலில் டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவது நல்லது.

போடும் முறை

முதல் தடவை என்றால் முகத்துக்குப் போகாதீர்கள். தாடை எலும்புக்குக் கீழே, காதுக்குப் பக்கத்தில் ஐந்து சென் காசு அளவுக்குப் பூசிப் பத்து நிமிடத்தில் கழுவிவிட்டு, இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் மேலே போகலாம்.

1. இரவு நேரம் பார்த்துப் போடுங்கள். முடியைத் துணிப்பட்டையால் நன்றாகப் பின்னுக்குக் கட்டுங்கள். கறுத்த பழைய துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். வெள்ளைத் துண்டில் பட்டால் ஒவ்வொரு தடவையும் சாம்பல் கோடு தெரியும்.

2. ஒப்பனையும் சன்ஸ்கிரீனும் முழுதாகப் போகும்படி முகத்தைக் கழுவுங்கள். ஸ்கிரப் வேண்டாம். ஒரே இரவில் தேய்ப்பதும் மாஸ்க் போடுவதும் கூடாது. ஆவி பிடிக்கவும் தேவை இல்லை. துளைக்குக் கதவு கிடையாது, ஆவியில் திறப்பதும் குளிர்ந்த நீரில் மூடுவதும் நடக்காது. அதிக ஆவி தோலைச் சிவக்க வைக்கும்.

3. ஈரத்தை ஒற்றி எடுங்கள். புருவம், மயிர் ஓரம், உதட்டு ஓரம் மூன்றிலும் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கரி அங்கே போய் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம், எடுக்கத் தேய்ப்பது தோலுக்குக் கஷ்டம்.

4. விரலாலோ பிரஷ்ஷாலோ மூக்கில் தொடங்கி, தாடை, நெற்றி என்று பூசுங்கள். கன்னம் வறட்சியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலம், உதடு, மூக்குத் துவார ஓரம் ஆகிய இடங்களில் வேண்டாம். அடியில் தோல் நிறம் தெரியாத அளவுக்கு மட்டும் கனம் போதும்.

5. கடிகாரத்தைப் பாருங்கள். எட்டு நிமிடம் ஆனதும் விரலால் தொட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள்.

இந்த ஐந்தாவது படியில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மாஸ்க் காயும்போது என்ன நடக்கிறது என்று கண்ணாடி முன் நின்று ஒரு தடவை பாருங்கள். முதலில் ஈரக் களிமண்ணின் மழை வாசனை வரும், முகம் குளிரும். ஐந்தாறு நிமிடத்தில் மூக்கு ஓரமும் நெற்றி விளிம்பும் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாக மங்கும். மூக்கின் மேல் சின்னச் சின்னக் கரும் ஈரப் புள்ளிகள் தெரியும். அவை துளையிலிருந்து எண்ணெய் ஏறிய இடங்கள். மாஸ்க் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும். அந்த நிலையில் கழுவிவிட வேண்டும். சிரித்தால் விரிசல் விடும் வரை, தோல் இழுக்கும் வரை காத்திருந்தால், எண்ணெயை எடுத்து முடித்த களிமண் அடுத்ததாகத் தோலின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். விசிறி, ஏசி நேராக அடித்தால் இன்னும் சீக்கிரம் காயும். பத்து நிமிடம் போதும், வறண்ட பக்கம் உள்ளவர்களுக்கு ஆறு.

6. கழுவும்போது தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முகத்தின்மேல் அரை நிமிடம் வைத்து ஊற விடுங்கள். பிறகு கையால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மூக்கு மடிப்பிலும் காதோரத்திலும் நிற்கும் கறுப்பை எடுக்க முடியாவிட்டால் நகத்தால் சுரண்ட வேண்டாம். பஞ்சில் ஒரு துளி கிளென்சிங் எண்ணெய் விட்டு வைத்து எடுங்கள், வந்துவிடும்.

7. முகத்தில் இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைட், நியாசினமைடு உள்ளது நல்லது. அந்த இரவு வைட்டமின் சி, ரெட்டினால், அமில சீரம் எதுவும் வேண்டாம்.

மறுநாள் காலை சன்ஸ்கிரீன் கட்டாயம், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். "நாங்கள்தான் கறுப்பாச்சே, எங்களுக்கு எதற்கு" என்று கேட்கும் அக்காமார்கள் நிறைய. நம் மெலனின் வெயிலில் எரியாமல் ஓரளவு காக்கிறது, உண்மைதான். ஆனால் பருவோ உரசலோ பட்ட இடத்தில் அதே மெலனின்தான் கூடுதலாகச் சுரந்து கறையாக நிற்கிறது. அந்தக் கறையை வெயில் இன்னும் கருக்கும், ஆறும் நாளை நீட்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

எண்ணெய்த் தோலுக்கு வாரம் ஒருமுறை, கலப்புத் தோலுக்குப் பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. விசேஷத்துக்காகப் போடுவதானால் மூன்று நாள் முன்னால் போடுங்கள். அதுவும் ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். கல்யாண வாரத்தில் புதுப் பொருள் எதையும் முகத்தில் தொடங்காதீர்கள், மணப்பெண் கண்டிப்பாக வேண்டாம்.

முதல் நாள் ஜன்னல் பக்கம் நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு தடவை போட்டபின் அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம்.

முகம் பளபளக்கும் என்று கரியைக் குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரி வயிற்றுக்குள் போனால் உணவா மருந்தா என்று பார்க்காது. கருத்தடை மாத்திரை உட்பட நீங்கள் விழுங்கிய மருந்தையும் பிடித்து வெளியே அனுப்பிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து.

ஏதாவது தவறிவிட்டால்

எரிய ஆரம்பித்தால் நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தவிர ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பூசாதீர்கள். மஞ்சள், கற்றாழை, சந்தனம் எல்லாம் நல்லதுதான், ஆனால் புண்பட்ட தோலுக்கு அவையும் புதுச் சுமை. வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு கிரீமை எடுத்து நீங்களாகவே பூசாதீர்கள்.

நீர் வடிந்தால், கொப்புளம் வந்தால், கண் இமை வீங்கினால் அன்றே கிளினிக் போங்கள். கறை நின்றுவிட்டாலும், பரு ஆழமாக வலியோடு வந்தாலும், அழகு நிலையத்துக்கு வராமல் டாக்டரிடம் போங்கள் என்று நானே அனுப்பிவிடுவேன். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். தேவைப்பட்டால் அவர்களே பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

என் அக்கா மகளும் அப்படித்தான் போனாள். டாக்டர் ஒரு கிரீமும் சன்ஸ்கிரீனும் கொடுத்து, மூன்று மாதத்துக்கு முகத்தில் எந்த மாஸ்க்கும் படக்கூடாது என்றார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பார்த்தபோது உதட்டுக்கு மேலே திட்டு மங்கியிருந்தது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை இரவு கடைக்கு வருவாள். மூக்கிலும் தாடையிலும் மட்டும் நான் பூசிவிடுவேன். எட்டாவது நிமிடம் ஆனதும் அவளே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சித்தி, ஒட்டுது, கழுவிடலாம்" என்பாள்.